கிலோ 32 ரூபாய்க்கு மைக்ரோமீட்டர்: எங்கள் பயிற்சி நிலைய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவின் மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

நம் பயிற்சி நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் போன வாரம் ஒட்டிய ஏல நோட்டீஸைப் படித்தேன். அதில் ஏழாவதாக இருப்பது இது: "டூல் ரூம் பழைய இரும்புச் சாமான்கள், பலவகை, சுமார் 1,400 கிலோ. அடிப்படை விலை கிலோ 32 ரூபாய்." பலவகை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அந்த வகைகள் என்னென்ன என்று நோட்டீஸை டைப் செய்தவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். 27 வருடம் அந்த அறையின் சாவி என் இடுப்பில்தான் தொங்கியது.

ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன். ஒரு இன்ச் வரை அளக்கும் மைக்ரோமீட்டர் ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். உங்கள் விலைப்படி அது 6 ரூபாய் 40 காசு. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அந்தக் காசுக்கு டீ கூடக் கிடைக்காது.

அந்த 200 கிராமுக்குள் ஒரு திருகு இருக்கிறது. இன்ச்சுக்கு 40 மரை, அதாவது 40 திருகு வரி. ஒரு முழுச் சுற்று சுற்றினால் 25 தௌ நகரும். சுற்றும் உருளையில் 25 கோடு. ஆகவே ஒரு கோடு நகர்ந்தால் ஒரு தௌ, அதாவது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1848-ல் பாரிஸில் பால்மர் என்பவர் காப்புரிமை வாங்கிய யோசனை இது. இன்று வரைக்கும் அடிப்படை மாறவில்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பேட்ச்சிலும் முதல் நாள் பையன்களிடம் அவரவர் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி அளக்கச் சொல்வேன். முனையில் இருக்கும் ராட்செட் பிடியைத் திருக வேண்டும், டிக் டிக் டிக் என்று மூன்று சத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும், கோட்டைப் படிக்க வேண்டும். ஒருவனுக்கு இரண்டரை தௌ வரும், பக்கத்தில் இருப்பவனுக்கு நாலு தௌ வரும். உடனே யாருக்கு முடி கெட்டி என்று சண்டை. அந்தச் சண்டையோடு பாடம் மண்டையில் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கை தெரிந்துகொண்ட முதல் தருணம் அது. அப்படி ஒரு பையன் முகம் மாறுவதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

இடது அலமாரியின் மேல் தட்டில் இருக்கும், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர் மூர் அண்ட் ரைட் கம்பெனி மைக்ரோமீட்டரை உங்களில் யாராவது ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். பிரேமில் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் கறுப்பு பெயிண்ட் தேய்ந்து இரும்பு வெள்ளையாகத் தெரியும். அது ஒரு ஆள் தேய்த்தது இல்லை. எஸ்டேட் ஒர்க்‌ஷாப் ஒன்று மூடப்பட்டபோது அங்கிருந்து நமக்கு நன்கொடையாக வந்தது அந்த அலமாரி. அங்கே இருந்தவர் கை, எனக்கு முன்னால் இங்கே இருந்த பெரியவர் கை, அப்புறம் என் கை, அப்புறம் நூற்றுக்கணக்கான பையன்களின் கை. கொத்திய கோடுகளோ இன்னும் முதல் நாள் போல இருக்கின்றன. நிழல் விழாத சாம்பல் நிறத்தில், கண்ணை உறுத்தாத மங்கலான பூச்சில், முடி கனத்தில் ஒரே ஆழத்தில் போட்ட கோடுகள். விரல் வழுக்காதிருக்க நர்லிங் போட்ட இடம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான், ஒரு சுற்றுகூட அதிகம் இல்லை. இதை அழகு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? கோயில் தூணில் சிற்பி விட்ட உளித்தடத்தைப் பார்த்து நிற்கிறோமே, அதே மரியாதை இதற்கும் உண்டு.

பளபளப்பு வேறு, அழகு வேறு. இதை நான் சொல்ல வேண்டி வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி ஒன்று வைத்தீர்கள். "நம் பாரம்பரியம்" என்று மேலே எழுதி, உள்ளே செங்கோணம் பார்க்கும் ஒரு ஸ்டாரெட் காம்பினேஷன் ஸ்கொயரையும், உயரம் அளக்கும் ஒரு வெர்னியர் ஹைட் கேஜையும் வைத்தீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வைப்பதற்கு முன்னால் யாரோ அவற்றைப் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்து வாங்கியிருக்கிறார்கள். கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு போல மின்னின. நான் போய்ப் பார்த்தபோது வெர்னியர் கோடுகளில் பாதி காணவில்லை. ஸ்கொயரின் ஓரத்தை நகத்தால் தடவினேன். கத்தி விளிம்பு போல இருந்த ஓரம் சோப்புக்கட்டி விளிம்பு போல வழுவழுத்துக் கிடந்தது. மாசச்சூசெட்ஸில் ஏதல் என்ற சின்ன ஊரில் 1880-ல் கம்பெனி தொடங்கிய ஸ்டாரெட் பெயரை உலகம் எங்கும் கொண்டுபோனதே இந்த ஸ்கொயர்தான். இனி அதை வைத்து ஒரு செங்கோணமும் பார்க்க முடியாது. அன்று யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது.

இரண்டாவது தடவையும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் முன்பு முதல் ஏலம் நடந்தபோது நான் வேறு வேலையாக அங்கே வந்திருந்தேன். ஷெட்டுக்குப் பின்னால் சம்மட்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மூன்றடிக்கு இரண்டடி வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளேட்டை, அதாவது சமம் பார்க்கும் இரும்புப் பலகையை, இரண்டு பேர் தேங்காய் உடைப்பது போல உடைத்துக்கொண்டிருந்தார்கள். முழுசாக டெம்போவில் ஏற்ற முடியவில்லையாம். எடை போடத்தானே போகிறோம், உடைந்தால் என்ன என்றார் ஒருவர். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு விற்றதே எடைக்குத்தான். உடைந்த துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்தேன். முறிந்த பக்கம் சாம்பல் நிறத்தில் கற்கண்டு போல மணல் மணலாக இருந்தது. மேல்பக்கத்தில், மழையில் நனைந்து லேசாகத் துரு ஏறியிருந்தும், பிறை பிறையாக ஸ்கிரேப்பர் தடம் அப்படியே இருந்தது. அந்தத் தடத்தில் பாதி நான் போட்டது. 2003-ல் இரண்டு மாணவர்களோடு ஆறு வாரம் உட்கார்ந்து திரும்பச் சுரண்டி எடுத்த பிளேட் அது.

ஆறு வாரம் என்ன செய்தோம் என்று உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் அந்த உடைப்பு நடந்தது. ஒரு பலகை சமமாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு சமமான பலகை வேண்டும். சரி, உலகத்தில் முதல் சமப்பலகையை எதை வைத்துப் பார்த்தார்கள்? இரண்டு பலகையை ஒன்றோடு ஒன்று உரசி, ஒட்டும் இடத்தைச் சுரண்டிக்கொண்டே போனால் இரண்டும் பொருந்திவிடும். ஆனால் ஒன்று தோசைக்கல் குழி போலவும் மற்றது அதில் அப்படியே உட்காரும் மேடு போலவும் ஆகிவிட்டாலும் பொருந்தத்தான் செய்யும். மூன்றாவது பலகை வந்தால் இந்த ஏமாற்று நடக்காது. முதலாவது குழி என்றால், அதோடு பொருந்தும் மற்ற இரண்டும் மேடாக இருக்க வேண்டும். மேடும் மேடும் ஒன்றோடொன்று பொருந்தாது. மூன்றையும் மாற்றி மாற்றி நீல மை தடவி உரசி, மை ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டி, மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் அவை சமம்தான், வேறு வழியே இல்லை. இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசஃப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் இந்த முறையைக் கட்டுரையாகப் படித்தார். எந்த மெஷினும் இல்லாமல், எந்த அளவும் கையில் இல்லாமல், மூன்று இரும்பும் ஒரு சுரண்டியும் பொறுமையும் இருந்தால் துல்லியத்தை வெறும் கையில் உண்டாக்கலாம். இதற்கு மேல் ஒரு பாடத்தை என்னால் யோசிக்க முடியவில்லை. நம்மிடம் அந்த மூன்று பலகையும் இருந்தன. இப்போது இரண்டு இருக்கின்றன. அந்த இரண்டும் உங்கள் 1,400 கிலோவுக்குள் இருக்கின்றன.

அளவு ஒப்பிட்டுப் பார்க்கும் கேஜ் பிளாக் கட்டைகளின் பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பச்சைத் துணி ஒட்டிய மரப்பெட்டியில் 81 இரும்புக் கட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் அதன் அளவு கொத்தியிருக்கும். 0.1005, 0.127, 0.100, 1.000 என்று நான்கை எடுத்து ஒட்டினால் 1.3275 இன்ச். ஒட்டுவது என்று சொன்னேனே, பசை கிடையாது, காந்தம் கிடையாது. மெல்லிய தோலால் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து, லேசாக அழுத்தித் திருப்பி நேராக்கினால் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் வராது. அவ்வளவு சமம் அந்த முகங்கள். முதன்முதலில் இப்படிக் கட்டைகள் செய்த ஸ்வீடன்காரர் யோஹான்சன் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலைப் பணியாளர். வீட்டில் மனைவியின் தையல் மெஷினையே தேய்க்கும் மெஷினாக மாற்றி வேலை செய்தவர். காப்புரிமை 1901-ல். நம் வீட்டுத் திண்ணைகளிலும் தையல் மெஷின் இருந்தது, அதனாலோ என்னவோ இந்தக் கதை சொன்னால் பையன்கள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து உட்காருவார்கள். நம் பெட்டியில் மூன்று கட்டையில் துரு விழுந்திருக்கிறது. 78 நன்றாக இருக்கின்றன. கடைசியாக நான் பார்த்த வரைக்கும்.

நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். "இதெல்லாம் இன்ச் அளவு, நாடு மெட்ரிக்குக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டதே?" 1956-ல் சட்டம் வந்தது, சரி. இரும்பு அந்தச் சட்டத்தைப் படிக்கவில்லை. இந்த மலையில் இன்னும் எத்தனை தேயிலை ஃபேக்டரிகளில் கெயின்ஸ்பரோ மார்ஷல் கம்பெனி ரோலரும் பெல்ஃபாஸ்ட் சிரோக்கோ டிரையரும் ஓடின, ஓடுகின்றன என்று உள்ளூர்க்காரர் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு வருடம், கொழுந்து மும்முரமாக வரும் சமயம், கோத்தகிரிப் பக்கம் ஒரு ஃபேக்டரியிலிருந்து ஆள் ஓடி வந்தார். டிரையரில் ஒரு போல்ட் போய்விட்டது. கடையில் எம்-12 என்ற மெட்ரிக் போல்ட் வாங்கி முறுக்கியிருக்கிறார்கள். பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். பழையது அரை இன்ச் விட்வொர்த் வகை மரை, அதாவது 12.7 மில்லிமீட்டர், இன்ச்சுக்கு 12 மரை, மரையின் கோணம் 55 பாகை. எம்-12-க்கு 60 பாகை, ஒரு மரைக்கு 1.75 மில்லிமீட்டர். இரண்டு சுற்று ஏறியதும் இறுகிவிட்டது என்று நினைத்து ஸ்பானரில் பைப் போட்டு இழுத்திருக்கிறார்கள். மரை கழன்றது டிரையருக்கு மட்டும் இல்லை, அந்த மேனேஜருக்கும்தான். இலை வாடிக்கொண்டிருக்கிறது, அவர் எங்கள் வாசலில் நிற்கிறார்.

வலது அலமாரியில் இருந்த பிட்ச் கேஜை, அதாவது மரைக்கு ஏற்றபடி பல் வெட்டிய இலைகளின் கொத்தை, வைத்துப் பழைய போல்ட்டைப் பார்த்தோம். பல்லோடு பல் வெளிச்சம் தெரியாமல் உட்கார்ந்தது, 12 என்று எழுதிய இலை. அப்புறம் அந்தப் பழைய லேத், இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின். உங்கள் 1,400 கிலோவில் பாதிக்கு மேல் அதுதான். அதன் லீட் ஸ்க்ரூ, அதாவது மரை வெட்டும்போது உளியை நகர்த்தும் நீளத் திருகு, இன்ச்சுக்கு 4 மரை. 20 பல் சக்கரமும் 60 பல் சக்கரமும் மாட்டினால் 12 மரை தானாக வரும். இரண்டாம் வருடப் பையன் ஒருவன் வெட்டினான். நான் பக்கத்தில் நின்றேன், கை வைக்கவில்லை. மாலை நாலு மணிக்கு டிரையர் ஓடியது. அந்த ஃபேக்டரி அடுத்த மூன்று வருடம் நம் பையன்களில் ஒருவரையாவது வேலைக்கு எடுத்தது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் இதெல்லாம் இருக்காது. அதில் "லேத், பழையது, 1" என்று இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. உலகத்தில் நீளத்தை எந்த வெப்பநிலையில் அளக்க வேண்டும் என்று 1931-ல் ஒரு முடிவு எடுத்தார்கள்: 20 டிகிரி. ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 11.5 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் பதினொன்றரைப் பங்கு, நீளும். கோயம்புத்தூரில் மே மாதம் 32 டிகிரி அறையில் வைத்த 100 மில்லிமீட்டர் கட்டை, தன் மேல் எழுதிய அளவைவிட அரை தௌவுக்கு மேலேயே நீண்டிருக்கும். அதனால்தான் சமவெளியில் அளவுக்கூடத்துக்கு ஏசி போட்டுக் கரண்ட் பில் கட்டுகிறார்கள். நமக்கு? வருடத்தில் பல நாள் டூல் ரூம் ஜன்னலைத் திறந்து வைத்தால் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் 19, 20, 21 என்றுதான் காட்டும். மலை நமக்கு இலவசமாகக் கொடுத்த அளவுக்கூடம் அது. அதைக் காலி செய்து, ஸ்மார்ட் வகுப்பறை என்று அங்கே புரொஜெக்டர் மாட்டப்போகிறோம்.

சரி, மலை கொடுத்ததைச் சொன்னேன், எடுப்பதையும் சொல்ல வேண்டும். குன்னூரில் இரண்டு பருவமழையும் உண்டு, நடுவில் மூடுபனி. அந்த ஈரத்தில் எண்ணெய் தடவாத இரும்பு ஒரு வாரம் தாங்காது. விரல் ரேகை பட்டு அப்படியே வைத்தால், மறுநாள் அதே ரேகை துருவில் தெரியும், போலீஸ் எடுத்த மாதிரி. இதற்காக அலமாரிக்குள் அடித் தட்டில் ஒரு 40 வாட் பல்பை எப்போதும் எரியவிட்டிருந்தோம். மலையில் கேமரா வைத்திருப்பவர்கள், நல்ல பட்டுப்புடவை வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். நான் ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், மின்சாரச் சிக்கனம் என்று அந்தப் பல்பைக் கழற்றிவிட்டார்கள். ஆடி மாதம் போய்ப் பார்த்தேன், தோல் உறைகளில் வெள்ளையாகப் பூஞ்சை. எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. இப்போது நோட்டீஸில் "துருப்பிடித்த நிலையில்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். துரு தானாக வந்தது போல எழுதியிருக்கிறீர்கள்.

நான் பழசைக் கட்டிக்கொண்டு அழும் கிழவன் இல்லை. கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷின் வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த மெஷினை வாங்கச் சொல்லி முதலில் மனு எழுதியவர்களில் நானும் ஒருவன், ஃபைலில் பாருங்கள். டிஜிட்டல் வெர்னியரும் நல்லதுதான், எனக்கே இப்போது கண்ணாடி போட்டும் சின்னக் கோடு தெரிவதில்லை. ஆனால் திரையில் வரும் எண்ணை நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு ஆள் வேண்டும். ஓசூரில் சி.என்.சி. ஓட்டும் நம் பழைய மாணவன் ஒருவன் போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது சொன்னான்: "சார், மெஷின் சரியாத்தான் வந்திருக்குங்குது. ஆனா கையில எடுத்தா தெரியுது, எங்கயோ தப்புன்னு. அளந்து பார்த்தா தப்புதான்." அந்தக் கை எங்கே பழகியது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்கள் நோட்டீஸில் இருப்பது எல்லாமே பொக்கிஷம் என்றும் நான் சொல்லவில்லை. தாடை உடைந்த பெஞ்ச் வைஸ்கள் நாலு, பல் போன அரங்கள் ஒரு சாக்கு, வளைந்த ஆங்கிள் இரும்பு, எரிந்துபோன மோட்டார். தாராளமாகக் காயலான் கடைக்குப் போகட்டும். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஏலம் எடுப்பவருக்குத் தெரியும். அவர் பிளேட்டை எடைக்குப் போடுவார், கேஜ் பெட்டியையும் மைக்ரோமீட்டர்களையும் தனியாக எடுத்து வைப்பார். இவற்றைத் தேடி வாங்கும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 6 ரூபாய் 40 காசுக்கு நாம் கொடுத்ததை அவர் என்ன விலைக்குக் கொடுப்பார் என்று பின்னால் தெரிந்து நாம் தலைகுனிய வேண்டாம்.

இதே ஊரில்தான் மலை ரயில் ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் வந்த பாதை, 1908-ல் ஊட்டி வரை போனது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஊரே கொண்டாடியது, நம் மாணவர்களை வரிசையில் நிற்க வைத்துக் கொடி அசைக்கச் சொன்னதும் நாம்தான். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எஞ்சின்கள், தண்டவாளத்துக்கு நடுவில் பல் சட்டம். அந்தப் பல்லில் எஞ்சினின் பல்சக்கரம் கடித்து ஏறுவதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அந்தப் பல்லை அளந்தது எது? தேய்ந்த புஷ்ஷை மாற்றும்போது தண்டைப் பார்த்தது எது? இதே மாதிரி ஒரு மைக்ரோமீட்டர்தான், அதைப் பிடித்த ஒரு ஃபிட்டரின் கைதான். எஞ்சினுக்கு மாலை, அதை உயிரோடு வைத்திருந்த கருவிக்குத் தராசு என்றால் எனக்குப் புரியவில்லை.

இந்த மலையில் இரும்பு வேலை வெள்ளைக்காரர் கப்பலில் வந்து இறங்கியதும் இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பே இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்கள் உலை மூட்டி மற்ற மலைமக்களுக்குக் கோடரியும் அரிவாளும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நம்மிடம் படித்த கோத்தர் பையன் ஒருவன் அரம் பிடித்த முதல் நாளே இரும்பின் முகத்தை நேராக ராவினான். மற்றவர்களுக்கு இரண்டு மாதம் ஆகும் வேலை அது. நான் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டு, பிளேட்டின் மேல் வாழை இலை விரித்து வரிசையாக வைப்போம். சந்தனப் பொட்டு மரப்பெட்டிக்கு மட்டும்தான், இரும்பில் வைத்தால் ஈரம் பிடிக்கும் என்று பெரியவர் சொல்லுவார். பூஜைக்கு நீங்களும் வந்திருக்கிறீர்கள். உங்களில் இருவர் அந்தத் தட்டில் கற்பூரம் காட்டிய போட்டோ ஆபீஸ் சுவரிலேயே தொங்குகிறது.

ஆகவே என் கோரிக்கைகள். இவை என்னுடையவை மட்டும் இல்லை. ஓய்வு பெற்ற பயிற்றுநர்கள் நான்கு பேரிடமும் பழைய மாணவர்கள் பலரிடமும் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஏழாவது அயிட்டத்தை இந்த ஏலத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மற்ற அயிட்டங்களை விற்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. தேதிக்கு முன்னால் எடுத்தால்தான் பயன், பிறகு விளக்கம் கொடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

எங்களுக்கு 15 வேலைநாள் கொடுங்கள். நாங்கள் ஐந்து பேரும் கூலி வாங்காமல் வந்து ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து மூன்றாகப் பிரித்துத் தருகிறோம்: இப்போதே வேலை செய்வது, பழுது பார்த்தால் வேலை செய்வது, உண்மையிலேயே எடைக்குப் போக வேண்டியது. பெயர், அளவு, நிலைமை எழுதி ரிஜிஸ்டரைப் புதிதாகப் போட்டுத் தருகிறோம். மண்ணெண்ணெயும் எண்ணெயும் துணியும்கூட நாங்களே கொண்டுவருகிறோம்.

ஸ்மார்ட் வகுப்பறைக்குப் பெரிய ஹால் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்குப் பக்கம் பழைய ஸ்டோர் ரூம் சும்மாதான் கிடக்கிறது. கூரையில் உடைந்த இரண்டு ஷீட்டை மாற்றினால் ஈரம் வராது. அலமாரி இரண்டு, சர்ஃபேஸ் பிளேட் இரண்டு, லேத் ஒன்று, பெஞ்ச் ஒன்று அதில் அடங்கும். நான் அளந்து பார்த்துவிட்டேன்.

கண்ணாடிப் பெட்டி வேண்டாம். தயவுசெய்து யாரும் எதையும் பஃபிங் போட வேண்டாம். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் வாரம் இரண்டு மணி நேரம் இந்தக் கருவிகளோடு கொடுங்கள். பாடத்திட்டத்தில் இடம் இல்லை என்றால் சனிக்கிழமை கொடுங்கள். தேய்ந்தால் தேயட்டும், கையில் தேய்வதற்குத்தான் செய்தார்கள்.

இதற்குப் பிறகும் விற்றே தீர வேண்டிய நிலை நிர்வாகத்துக்கு இருந்தால், எடைக்கு விற்காதீர்கள். கருவியைக் கருவியாக, ஒவ்வொன்றாக, பெயர் சொல்லி விலை போடுங்கள். முதல் உரிமையை நம் பழைய மாணவர்களுக்கும் இந்த மாவட்டத்துச் சின்னப் பட்டறைக்காரர்களுக்கும் கொடுங்கள். கேஜ் பெட்டியின் விலையை நானே கட்டி, அதை அப்படியே நிலையத்துக்குத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

அந்தப் பல்பைத் திரும்ப மாட்டுங்கள். இதற்குக் கூட்டம் போட்டுத் தீர்மானம் போட வேண்டியதில்லை, எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. இப்போது மழைக்காலம்.

ஏலம் இந்த மாதம் 28-ஆம் தேதி என்று நோட்டீஸ் சொல்கிறது. 20-ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். ஓய்வு பெற்ற அன்று அந்த அலமாரிகளின் சாவி இரண்டையும் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தேன், ரசீது என்னிடம் இருக்கிறது. 21-ஆம் தேதி காலை 9 மணிக்கு அந்தச் சாவியை வாங்கிக்கொள்ள டூல் ரூம் வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் பயிற்றுநர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.